முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடப் போகிறீர்களா?

பழைய ஓட்டு வீட்டு முற்றத்துக்கு மேல் கண்ணாடி போட்டால் வெளிச்சம் மட்டும் வரும், மழையும் குரங்கும் வராது என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். எங்கள் வீட்டில் நாலு பக்கமும் ஓட்டோடு ஒட்ட அடைத்துவிட்டோம். ஏப்ரல் மத்தியானத்தில் தாழ்வாரத்தில் உட்கார முடியவில்லை, வெல்டரைத் திரும்பக் கூப்பிட்டுச் சட்டத்தைத் தூக்க வேண்டியதாயிற்று.

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும், ஆனால் சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் வெப்பம் அதே வழியாகச் சுலபமாக வெளியே போகாது, சூட்டுக்காற்றும் மேலே ஏறி அங்கேயே தங்கிவிடும். அதனால் ஓட்டு விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சுற்றிலும் ஒன்றரை அடியாவது திறப்பு விட்டுக் கம்பி வலை அடியுங்கள். சாரலுக்குப் பயந்தால் கண்ணாடியை ஓட்டின் மேல் இரண்டடி நீட்டிக்கொள்ளலாம். கோடைக்குப் பச்சை வலை கட்டுவதானால் கண்ணாடிக்கு மேலே கட்டுங்கள். கீழே திரை போட்டு என்ன பிரயோஜனம், சூடுதான் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்றே.

அப்புறம் எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. பத்துக்குப் பத்தடி முற்றம், சுற்றிலும் இரண்டடி நீட்டல், 12 மி.மீ. கண்ணாடி என்றால் கிட்டத்தட்ட 550 கிலோ, இரும்பு தனி. “நூறு வருஷமா நிக்குது சார்” என்று யார் சொன்னாலும் இதைச் சுண்ணாம்புச் சுவரிலோ மரத்தூணிலோ ஏற்றாதீர்கள். தனி அஸ்திவாரத்தில் நாலு இரும்புத் தூண் நிற்கட்டும். பலத்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும் என்பதால் தூண், அஸ்திவாரக் கணக்கை மட்டும் ஒரு இன்ஜினியரிடம் விடுங்கள்.

தலைக்கு மேல் வெறும் டஃபன்ட் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய) கண்ணாடி வேண்டாம், உடைந்தால் மணி மணியாகக் கொட்டும். இரண்டு டஃபன்ட் கண்ணாடிக்கு நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கேளுங்கள், விரிசல் விட்டாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. பழைய முற்றங்கள் பெரும்பாலும் மூலைமட்டத்துக்கு இருக்காது, ஆகவே சட்டம் முழுதாக நின்ற பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்துதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு அடி வாட்டம் போதும். இரும்பும் கண்ணாடியும் நேராக உரசக் கூடாது, நடுவில் ரப்பர் வையுங்கள். இடுக்கை அடைக்கிற சிலிக்கான் பசை டியூபைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்: அது இரும்பை அரிக்கும், லேமினேட் ஓரத்துக்கும் ஆகாது. நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

தென்னை மட்டை விழுகிற இடமா? என்னைக் கேட்டால் இந்த ஆசையையே விட்டுவிடலாம்.

கண்ணாடி போட்டாயிற்றே என்று முற்றத்துப் பள்ளத்தை மேடாக்கி டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். கண்ணாடியில் வழிகிற தண்ணீரும் சுற்றியுள்ள ஓட்டுத் தண்ணீரும் முன்போலவே முற்றத்துக்குள்தான் விழும், ஓட்டு விளிம்பில் தகரக் காவாய் கட்டினாலும் அடைமழையில் அது நிரம்பி வழியத்தான் செய்யும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் பழைய தூம்பைக் குத்திச் சுத்தம் செய்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கள் தூம்பிலிருந்து ஒரு செம்பும் மூன்று கோலிக்குண்டும் வந்தன.