நகராட்சி ஆண்டுக் கணக்கு: எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள்?

மார்ச் 31 கழிந்து சில வாரங்களில் நகராட்சிக் கணக்குப் பிரிவில் ஒரு நிம்மதி தெரியும். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளை எதிரெதிரே பட்டியலிடும் இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துவிட்டது, கணக்கு டேலி ஆகிவிட்டது என்பார்கள். எனக்குக் கவலை தொடங்குவது அங்கேதான். பற்றும் வரவும் ஒத்துப்போவது கூட்டல் சரி என்பதற்கு மட்டுமே சாட்சி. ஒரே மேசையில் எழுதிய இரண்டு ஏடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? வங்கியோடும், வரி கட்டுபவரோடும், தெருவில் நிற்கும் சொத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்காத கணக்கை முடிந்த கணக்கு என்று நான் ஏற்கமாட்டேன். ஆண்டறிக்கையில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்தே கிளைக்கின்றன.

வங்கியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சிறு நகரம். மக்கள் தொகை ஏறத்தாழ 16 ஆயிரம். அங்கே நகர நிதி அலுவலராக இருந்த ரீட்டா கிரண்ட்வெல், 1990இல் நகரத்தின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். கழிவுநீர்ப் பணிக்கான சேமிப்பு என்று தோன்றும்படி அதற்குப் பெயர் வைத்தார். மாநில அரசு அனுப்பியது போலப் போலிப் பட்டியல்கள் தயாரித்து, நகர நிதியிலிருந்து காசோலை எழுதி, அந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார். 2012இல் கைதாகும் வரை அவர் எடுத்த தொகை 5.37 கோடி டாலர். அந்தப் பணம் கண்காட்சிப் போட்டிக் குதிரைகளாகவும் பண்ணைகளாகவும் மாறிக்கொண்டிருந்தபோது, மாநிலம் தரவேண்டிய பணம் தாமதமாகிறது என்று மன்றத்துக்குக் காரணம் சொல்லப்பட்டது. நகரம் செலவுகளைக் குறைத்துக்கொண்டே போனது.

அத்தனை ஆண்டுகளும் தணிக்கை நடந்தது என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. பிடிபட்டது தணிக்கையால் அல்ல. 2011இல் கிரண்ட்வெல் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த அலுவலர் நகரத்தின் எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் வங்கியிடம் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒன்று அவர் கேள்விப்பட்டே இராத கணக்கு. மேயரிடம் காட்டினார், மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். பிறகு தணிக்கை நிறுவனங்களும் வங்கியும் சேர்ந்து நகரத்துக்குச் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

நம் ஊர் நகராட்சிக்கும் இது பொருந்தும். திட்டத்துக்கொரு கணக்கு, மானியத்துக்கொரு கணக்கு என்று வங்கிக் கணக்குகள் பெருகிக்கிடக்கின்றன. ரொக்கப் புத்தகம் எழுதுபவரே வங்கி அறிக்கையையும் வாங்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலையும் அவரே போட்டால், அது சரிபார்ப்பு ஆகாது. நகராட்சியின் பெயரில் எத்தனை கணக்குகள் உள்ளன என்பதை வங்கி நேரடியாக ஆணையருக்கோ தணிக்கையாளருக்கோ எழுத்தில் தரவேண்டும். பட்டியல் போட்டாலும், ‘வங்கியில் வரவு வைக்கப்படாத காசோலைகள்’ என்ற தலைப்பில் மூன்று ஆண்டுப் பழைய தொகைகள் அசையாமல் கிடந்தால், பட்டியல் போட்டதன் பயன் என்ன?

அடுத்தது சொத்துவரி. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தமிழக நகராட்சிகள் இரட்டைப் பதிவுக்கும், தொகை சேரவேண்டிய நாளிலேயே அதைக் கணக்கில் எழுதும் முறைக்கும் மாறிவிட்டன. பணம் கைக்கு வரும் நாளில் அல்ல, அரையாண்டுக் கேட்பு, அதாவது இவ்வளவு வரி கட்டவேண்டும் என்ற கோரிக்கை, எழும்போதே அது வருவாய். ஆகவே வருவாய்ப் பிரிவின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலும் கணக்குப் பிரிவின் பேரேடும் ஒரே நிலுவையைக் காட்டவேண்டும். காட்டாதபோது, வித்தியாசத்தை ஒரு சரிக்கட்டும் பதிவில் மூடிவிடுவது பெருந்தவறு. இடிக்கப்பட்ட வீட்டுக்கு இன்னும் கேட்பு எழுகிறதா, ஒரே கட்டடத்துக்கு இரண்டு வரிவிதிப்பு எண்களா என்று தேடினால்தான் வித்தியாசத்தின் வேர் தெரியும். வசூலாகாது என்று எல்லோருக்கும் தெரிந்த பழைய கடைவாடகையை, வராமல் போகும் தொகைக்கென ஒதுக்கு எதுவும் செய்யாமல், சொத்துப் பக்கத்தில் முழுதாக வைத்திருப்பதும் ஊரை ஏமாற்றுவதுதான். நிலுவையை ஆண்டுவாரியாகப் பிரித்துப் போட்டாலே உண்மை வெளியே வந்துவிடும்.

பிறர் பணத்தைத் தன் பணமாக எண்ணுவது இன்னொரு பிழை. சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரி நகராட்சியின் வருவாய் அல்ல. நூலக ஆணைக்குழுவுக்குச் சேரவேண்டிய கடன். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையும் அப்படியே. ரொக்க நெருக்கடியில் இவற்றை எடுத்துச் சம்பளம் போட்டுவிட்டு, வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி மூன்றுக்கும் இடையே கைமாற்றாகப் பணத்தை நகர்த்தினால், எந்த நிதி யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே சில ஆண்டுகளில் மறந்துபோகும். குடிநீர்க் கட்டணமாக மக்கள் கொடுத்த பணம் குடிநீருக்குப் போயிற்றா என்ற எளிய கேள்விக்குக்கூட அப்போது பதில் கிடைக்காது.

ஒரு நகராட்சியில், சொத்துப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நீரேற்று நிலையத்துக்குப் போனேன். ஏட்டில் நான்கு மோட்டார்கள். அறையில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் வெறும் சிமென்ட் மேடை, அதில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகள். நான்காவது பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார் மோட்டார் இயக்குபவர். எப்போது என்று அவருக்கு நினைவில்லை. இல்லாத அந்த இரண்டுக்கும் அந்த ஆண்டும் ஒழுங்காகத் தேய்மானம் எழுதப்பட்டிருந்தது. இதற்கு நேர்மாறானதும் உண்டு: சாலை போட்டு முடித்து, மக்கள் நடந்து தேய்ந்தும் போயிருக்கும், கணக்கில் மட்டும் அது ‘நடைபெற்றுவரும் பணி’யாகவே இருக்கும். பொறியியல் பிரிவின் பணி முடிவறிக்கை கணக்குப் பிரிவுக்கு வராததே காரணம்.

தணிக்கைத் தடைகளுக்கு, அதாவது தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு, பதில் எழுதுவதில் உள்ள பழக்கத்தையும் சொல்லவேண்டும். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பது பதிலே அல்ல. விடுபட்ட செலவுச்சீட்டு, அளவுப் புத்தகத்தின் பக்கம், வசூலித்த தொகைக்கான பற்றுச்சீட்டு என ஆதாரம் எதுவும் இல்லாமல் தடை நீங்காது. ஆண்டுகள் ஓட, அந்தக் கோப்பைக் கையாண்டவர்கள் மாறுதலிலும் ஓய்விலும் போய்விடுவார்கள். பிறகு யாரைக் கேட்பது?

தாமதத்துக்கு நேரடி விலையும் உண்டு. உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைப் பரிந்துரைத்த 15ஆவது நிதிக்குழு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் பொதுவில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2023-24 முதல் இரண்டும் இல்லாத உள்ளாட்சிக்கு அதன் மானியம் இல்லை என்றும் சொன்னது. ஆனால் கெடுவுக்குப் பயந்து அரைகுறைக் கணக்கை ஏற்றிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. திருத்தம் பெரும்பாலும் நடப்பதில்லை. பிழையான இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாகிவிடுகிறது.

மன்ற உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டத்தன்று காலையில் கைக்கு வரும் கணக்குப் புத்தகம் முழுவதையும் யாராலும் படிக்க முடியாது. மூன்று தாள்களை மட்டும் ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள்: எல்லா வங்கிக் கணக்குகளின் சரிக்கட்டும் பட்டியல், ஆண்டுவாரியான வரி நிலுவை, தீராத தணிக்கைத் தடைகள் எந்தெந்த ஆண்டைச் சேர்ந்தவை என்ற விவரம். அவை கைக்கு வரும் வரை கணக்கை ஏற்கும் தீர்மானத்தில் கையெழுத்திடாதீர்கள்.