பனி முடிந்ததும் புல்தரைத் தெளிப்பானைத் தயார் செய்வது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டு முன்னால் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு மாசியில்தான் வேலை தொடங்குகிறது. நீர்ப்பனியாக ஆரம்பித்து மார்கழி, தையில் உறைபனியாகக் கொட்டியதில் புல் கருகிப் பழுப்பேறிக் கிடக்கும். கோடை மழை வரும்வரை தெளிப்பான்தான் துணை. ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த குழாயில் எடுத்த எடுப்பிலேயே மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். அதனால் வெயில் நன்றாக ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

1. சுற்றிப் பாருங்கள்

தண்ணீர் திறக்கும் முன் குழாய் போகும் வழி முழுக்க நடந்து பாருங்கள். காட்டுமாடு மிதித்த இடமும் காட்டுப்பன்றி கிளறிய இடமும் பார்த்ததுமே தெரியும். அங்கே இணைப்புகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெயில் படும் பிவிசி குழாய் நாளடைவில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், விரிசல் இருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். பாப்-அப் தெளிப்பான் (தண்ணீர் வரும்போது மட்டும் மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டும் வகை) என்றால், படர்ந்து வளரும் கிக்குயூ புல் அதன் தலையை மூடியிருக்கும். சுற்றிலும் கத்தியால் வட்டமாக அறுத்து எடுங்கள்.

2. வடிகட்டி

வால்வை மூடிவிட்டு வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சல்லடை கிழிந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். ரப்பர் வளையத்தையும் பார்த்துவிடுங்கள்.

3. குழாயை அலசுவது

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். தெளிப்பானில் தண்ணீர் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி வையுங்கள். நம் ஊர்த் தோட்டம் சரிவாகத்தான் இருக்கும், வண்டல் எல்லாம் தாழ்வான முனைக்கு வந்து சேர்ந்திருக்கும். அந்த முனையின் மூடியைத் திறந்து, கீழே ஒரு வெள்ளை வாளியை வையுங்கள்.

இப்போது மோட்டாரைப் போட்டு வால்வைக் கால்வாசி மட்டும் திறங்கள். முதலில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் விட்டுவிட்டுத் துப்பும், அதற்குப் பிறகு கட்டஞ்சாயா நிறத்தில் தண்ணீர் வரும். வாளி நிறைந்ததும் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். வாளியின் அடியில் மண் தங்குவது நிற்கும்வரை அலசுவதை நிறுத்தக் கூடாது. வால்வை ஒரேயடியாகத் திறந்தால், உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வேகமாக வரும் தண்ணீர் முனையில் மோதி இணைப்பையே பிடுங்கிவிடும்.

தெளிந்த பிறகு முனையை மூடுங்கள். தெளிப்பான் வாய்கள் வழியாகவும் கொஞ்சம் வழியவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள்.

4. நாசில்

வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். அடைப்பு இருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். கம்பியோ ஊசியோ வேண்டாம், ஓட்டை பெரிதாகித் தண்ணீர் விழும் தூரம் மாறிவிடும். திருகும் இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள்.

5. ஓட்டிப் பார்ப்பது

10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு) என்பது கணக்கு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பெரும்பாலும் அரை கிலோகூடக் கிடைக்காது, பெரும்பாலான தெளிப்பான்களுக்கோ 2 கிலோ அளவு வேண்டும். மோட்டார் இல்லாமல் தெளிப்பான் சுற்றவில்லை என்றால் அதில் பழுது எதுவும் இல்லை.

ஒரே அளவு டம்ளர்களை மேல்தரை, நடு, கீழ்த்தரை என்று பரப்பி வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். நேரான பக்கங்கள் உள்ள டம்ளராக இருக்கட்டும். ஸ்கேலை வைத்து அளந்தால் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 100 சதுர மீட்டர் புல்லுக்கு 10 மில்லிமீட்டர் விட்டால் 1000 லிட்டர் தொட்டி காலி. கோடையில் குழாய்த் தண்ணீரே சிக்கனமாக வரும் ஊரில் இந்தக் கணக்கு அவசியம்.

6. எவ்வளவு, எப்போது?

சரிவில் ஒரே மூச்சாக விட்டால் தண்ணீர் சாலைக்குத்தான் போகும். 5 நிமிடம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி 5 நிமிடம் விடுங்கள். காலை நேரம் நல்லது. மாலையில் விட்டால் குளிர்ந்த இரவு முழுக்கப் புல் ஈரமாகவே கிடந்து பூஞ்சை பிடிக்கும். தினமும் வேண்டாம், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால்தான் வேர் ஆழமாக இறங்கும்.

உறைபனி இன்னும் விழும் பள்ளமான இடத்தில் வீடு என்றால், சில வாரங்களுக்கு இரவில் தாழ்வான முனையின் மூடியைத் திறந்து குழாயை வடியவிட்டு, காலையில் மூடிக்கொள்ளுங்கள்.