கிருஷ்ணகிரிக் கோட்டை பார்த்துவிட்டு அணைக்கரையில் மாங்காய்ப் பானகமும் நிப்பட்டும்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

கோட்டை ஏறி இறங்கிய களைப்பில் இரண்டு டீயும் நாலு பஜ்ஜியும் உள்ளே போய்விட்டால், எட்டு மணிக்கு ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் தட்டில் வரும்போது வயிறு மந்தமாகிவிடும். கிருஷ்ணகிரி வரைக்கும் வந்துவிட்டு அந்தச் சாப்பாட்டை அரைமனதாகச் சாப்பிடுவது பெரிய நஷ்டம். சாயங்காலத்தில் குடிக்கிற பானம் பசியைக் கிளப்ப வேண்டும்.

இத்தாலிக்காரர்கள் இந்த வேளைக்கு அப்பெரிட்டிவோ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ‘திற’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பசியைத் திறந்துவிடும் பானம். 1786இல் டூரின் நகரத்தில் கார்பானோ என்பவர் விற்கத் தொடங்கிய வெர்மூத், 1860இல் வந்த கம்பாரி எல்லாம் கசப்பும் மூலிகையும் தூக்கலாக இருப்பவை. அவற்றில் மது உண்டு. நமக்கு அது தேவையில்லை. கிருஷ்ணகிரி அணைக்கரை மாதிரிப் பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. அந்த முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று விஷயங்கள்: இனிப்பு குறைவு, அளவு குறைவு, பார்க்க நல்ல இடம். புளிப்பும் துவர்ப்பும் இஞ்சியும் நாக்கில் பட்டால் எச்சில் ஊறும், பசி எடுக்கும். இந்த மாவட்டத்தில் மாங்காய்க்கா பஞ்சம்?

கீழே உள்ள அளவுகள் எல்லாம் நான்கு பேருக்கு.

முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

எல்லாமே சூரியன் இறங்கும் நேரத்தை வைத்துத்தான். ஜூன் மாதத்தில் இங்கே ஏறக்குறைய 6:40க்கு அஸ்தமனம். டிசம்பர் தொடக்கத்தில் 5:50க்கே இறங்கிவிடும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்பு நீங்கள் அணைக்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோட்டை ஏறி, பார்த்து, இறங்க இரண்டு மணி நேரம்; ஊரிலிருந்து அணைக்கு ஏழு கிலோமீட்டர், அதற்கு அரை மணி நேரம். ஜூனில் மூன்று மணிக்கும் டிசம்பரில் இரண்டு மணிக்கும் ஏறத் தொடங்கினால் சரியாக இருக்கும். கோடையில் பாறை நன்றாகச் சுடும்; செருப்பைவிட ஷூ நல்லது.

பானத்தையும் தின்பண்டத்தையும் மலைமேல் கொண்டுபோக வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் மட்டும் போதும். கடலை வாசனை கிடைத்தால் குரங்கு பையைப் பிடுங்கும். அதைவிட முக்கியம், மேலே சூரியாஸ்தமனம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டில் பாறைப்படி இறங்க வேண்டிவரும். வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள்.

வீட்டில் செய்வது 1: மாங்காய்க் கரைசல் (முதல் நாள் ராத்திரி)

புதிதாகச் செய்கிறவர்கள் செய்யும் முதல் தவறு, எல்லாவற்றுக்கும் கிளிமூக்கு மாங்காயை வாங்குவது. பெங்களூரா என்றும் சொல்லப்படும் இந்தக் கிளிமூக்கு, கடித்துத் தின்ன அருமையானது. சதை கெட்டி, புளிப்பு மிதம். பானகத்துக்கு அந்தப் புளிப்பு போதாது. பானகத்துக்கு நாட்டு மாங்காய், பத்தை போட கிளிமூக்கு என்று தனித்தனியாக வாங்குங்கள்.

தேவை: புளிப்பான நாட்டு மாங்காய் 400 கிராம், வெல்லம் 60 கிராம், கல்லுப்பு அரைத் தேக்கரண்டி, இந்துப்பு கால் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, புதினா ஒரு சிறு கொத்து.

மாங்காயைத் தோலோடு முழுசாக இட்லிப் பானையில் 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். குக்கரில் தண்ணீருக்குள் போட்டால் தோல் வெடித்துப் பாதிப் புளிப்பு தண்ணீரில் போய்விடும். ஆறியதும் தோலை உரித்து, கொட்டையைப் பிசைந்து சதையை எடுங்கள். சுமார் 200 கிராம் கிடைக்கும். நார் அதிகமாக இருந்தால் பெரிய கண் உள்ள வடிகட்டியில் தேய்த்து எடுங்கள்.

வெல்லத்தை 60 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். வடிகட்டாத வெல்லம் என்றால் கடைசி மடக்கில் மணல் நெருடும். ஆறிய பாகை மாங்காய் விழுதில் சேர்த்து, உப்பு, சீரகம், மிளகு, சுக்கு எல்லாம் போட்டு மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. சுமார் 300 மில்லி கரைசல் வரும். புதினாவை இதோடு அரைக்க வேண்டாம்; காலையில் பார்த்தால் நிறம் கறுத்துக் கசப்பேறியிருக்கும். இலையாகவே எடுத்துப் போங்கள்.

ருசி பார்ப்பதை ஃபிரிட்ஜில் குளிர்ந்தபிறகு செய்யுங்கள். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். சூடாக இருக்கும்போதே இனிப்பைச் சரியாக வைத்துவிட்டு, குளிர்ந்ததும் ‘ஐயோ, புளிக்கிறதே’ என்று இன்னும் வெல்லம் போடுகிறவர்கள் அதைச் சர்பத் ஆக்கிவிடுகிறார்கள். இதில் முதலில் புளிப்பும் உப்பும் தெரிய வேண்டும், வெல்லம் பின்னால் வர வேண்டும்.

மாங்காய் கிடைக்காத கார்த்திகை, மார்கழியில் நெல்லிக்காய். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இங்கிருந்து பக்கம்தான், இன்றைய தர்மபுரி. பெரிய நெல்லிக்காய் ஐந்து, இஞ்சி ஒரு சிறு துண்டு, கறிவேப்பிலை ஆறு இலை, உப்பு அரைத் தேக்கரண்டி, 250 மில்லி தண்ணீர் சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள். வெல்லம் ஒரு மேசைக்கரண்டி போதும். இரும்புக் கத்தியில் நறுக்கினால் நெல்லியின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். ஸ்டீல் கத்தியே சரி. இத்தாலியர்கள் கசப்பில் தேடுவதை நெல்லியின் துவர்ப்பு இன்னும் நயமாகத் தருகிறது என்பது எங்கள் அபிப்பிராயம். குடித்துவிட்டு ஒரு வாய் பச்சைத் தண்ணீர் குடித்தால் இனிக்கும், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டில் செய்வது 2: ராகி நிப்பட்டு (தட்டை)

பானகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். நிப்பட்டு நமுத்துப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

அரிசி மாவு ஒரு கப், ராகி மாவு அரைக் கப், பொட்டுக்கடலை மாவு கால் கப், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை 50 கிராம், வெள்ளை எள் ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, கிள்ளிய கறிவேப்பிலை, காய்ச்சிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. ராகி அரைக் கப்புக்கு மேல் போக வேண்டாம். போனால் நிப்பட்டு கல்லாகும், கருகல் வாசனையும் வரும்.

மாவுகளைக் கலந்து காய்ச்சிய எண்ணெயை ஊற்றி, கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் விரலால் பிசிறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் அளவு. உருண்டையாகவே நிற்காவிட்டால் எண்ணெய் குறைவு, சுட்டால் கடிக்க முடியாது. தட்டியும் உதிராவிட்டால் எண்ணெய் அதிகம், வாணலியில் பிரிந்துபோகும். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். 120 முதல் 150 மில்லி வரை பிடிக்கும். மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும்.

நெல்லிக்காய் அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் தடவிய வாழை இலையில் வைத்து, 3 மில்லிமீட்டர் தடிமனில் வட்டமாகத் தட்டுங்கள். 20 முதல் 22 வரை வரும். ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் ஆறேழு குத்து. குத்தாமல் விட்டால் பூரிபோல உப்பும், உப்பியதன் உள்ளே ஈரம் தங்கும், மறுநாள் நமுத்திருக்கும்.

மிதமான தீ. எண்ணெயில் ஒரு சிட்டிகை மாவு போட்டால் அடியில் போய் இரண்டு நொடியில் மேலே வர வேண்டும். ராகி சேர்த்ததால் மாவு முதலிலேயே பழுப்பு, அதனால் நிறத்தை வைத்துப் பதம் பார்க்க முடியாது. நிறத்தை நம்புகிறவர்கள் பாதி வெந்ததை எடுத்துவிடுவார்கள், அல்லது கருக விடுவார்கள். எண்ணெயின் சத்தத்தைக் கேளுங்கள்: போட்டவுடன் சலசலவென்று நுரை வரும், நாலு, ஐந்து நிமிடத்தில் நுரை அடங்கிச் சத்தம் ஓயும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம். முழுசாக ஆறியபிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி கோர்த்துச் சொட்டும்.

வீட்டில் செய்வது 3: கடலைக்காய், மாங்காய்ப் பத்தை

பச்சைக் கடலைக்காய் அரைக் கிலோவைத் தோலோடு மண் போகக் கழுவி, மூழ்கும் அளவுக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர் விட்டு, கல்லுப்பு இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் குக்கரில் நாலு விசில். விசில் அடங்கியதும் வடிக்கக் கூடாது. அதே உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடக்கட்டும். ஆறும்போதுதான் உப்பு பருப்புக்குள் இறங்கும். காய்ந்த கடலைக்காய் என்றால் முதல் நாளே எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும்.

கிளிமூக்கு மாங்காய் ஒன்றை முழுசாகவே எடுத்துப் போங்கள், கூடவே ஒரு கத்தி. உப்பும் மிளகாய்த்தூளும் சம அளவு கலந்து தனிப் பொட்டலமாக. வீட்டிலேயே பத்தை போட்டு உப்பு தூவிக் கொண்டுபோனால் உப்பு நீரை இழுத்துவிடும், போய்ச் சேரும்போது பத்தை தொளதொளத்துக் கிடக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை

இரண்டு பிளாஸ்க். ஒன்றில் கரைசல், இன்னொன்றில் ஐஸ் போட்ட 300 மில்லி குடிதண்ணீர். ஊற்றுவதற்கு முன்பு பிளாஸ்கில் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீர் நிரப்பிவைத்துக் கொட்டிவிட்டால் குளிர் நீண்ட நேரம் நிற்கும். கரைசலையும் தண்ணீரையும் வீட்டிலேயே கலந்துவிடாதீர்கள். விழுது அடியில் தங்கி, மேலே வெறும் புளித் தண்ணீர்தான் வரும். 150 மில்லி பிடிக்கிற சின்ன ஸ்டீல் டம்ளர் நாலு, விரிப்பு, ஈரத்துணி, தோல் போட ஒரு துணிப்பை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதை மறக்க வேண்டாம்.

அணைக்கரையில்

1950களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட அணை இது. ஊர்க்காரர்கள் வாயில் ‘கே.ஆர்.பி. டேம்’ (கிருஷ்ணகிரி ரிசர்வாயர் ப்ராஜெக்ட்). நீர்ப்பரப்பு மேற்குப் பக்கம் விரிந்திருப்பதால் சூரியன் தண்ணீரின்மேல் இறங்குவதைப் பார்க்கலாம். பொதுமக்களை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் உட்காருங்கள். ஷட்டருக்குக் கீழே ஆற்றுப்படுகையில் விரிப்பை விரிக்கக் கூடாது. தண்ணீர் திறந்தால் ஓடி ஏற நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், வார நாளில் வந்தால் நிம்மதி.

கரைசல் பிளாஸ்கை நன்றாகக் குலுக்குங்கள். டம்ளருக்கு 75 மில்லி கரைசல், 75 மில்லி குளிர்ந்த தண்ணீர். இரண்டு புதினா இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள், வாசனை மேலே வரும். தண்ணீருக்குப் பதில் சோடா விரும்பினால் அங்கேயே உடைத்து, டம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். விழுது பட்டால் பொங்கி வழியும்.

ஆளுக்கு ஒரு டம்ளர்தான். இரண்டாவது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். தண்ணீரால் வயிறு நிறைந்தால் கிளம்பிய பசி படுத்துவிடும். தின்பண்டத்துக்கும் அப்படித்தான்: ஆளுக்கு இரண்டு நிப்பட்டு, ஒரு கைப்பிடி கடலைக்காய், நாலு பத்தை. மிச்ச நிப்பட்டு மறுநாள் பயணத்துக்கு.

அணைப்பக்கம் மீன் வறுவல் கடைகள் உண்டு. வாங்குவதானால் நாலு பேருக்கு ஒரே ஒரு சின்ன ஜிலேபி மீன். மசாலா தடவிவைத்ததைக் கண்முன்னால் எண்ணெயில் போடச் சொல்லி வாங்குங்கள். பொரித்து அடுக்கிவைத்ததை மறுபடி சூடாக்கித் தருவது சவசவவென்று இருக்கும், எண்ணெயும் குடித்திருக்கும்.

கடலைக்காய் உரிக்கிற நேரத்தில் கூட வந்தவர்களுக்குச் சொல்ல, மத்தியானம் ஏறிய மலையைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. பாராமகால் (இந்தச் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்) கோட்டைகளில் ஒன்றான அதை 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் தலைமையில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, ராத்திரியில் தாக்கியது. அடிவாரப் பேட்டை விழுந்தது, மேல்கோட்டை விழவில்லை. மேலிருந்து பாறைகளை உருட்டித் தள்ளிய திப்புவின் வீரர்கள் கதவைத் திறக்கவே விடவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், 1792இல்தான், பாராமகால் கும்பினி கைக்குப் போனது. உருண்டைப் பாறைகளைச் சற்று முன்பு தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

சூரியன் மறைந்து கால் மணி நேரத்தில் கொசு கிளம்பும். அதற்குள் தோலையெல்லாம் துணிப்பையில் அள்ளிக்கொண்டு, டம்ளரை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவையுங்கள். அணைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு ஊருக்குள் போங்கள். களி சூட்டோடுதான் சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். ஆகவே உட்கார்ந்தபிறகு கிண்டித் தரச் சொல்லுங்கள்.