துண்டுப் பலகைகளை இணைத்து வில் செய்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் வில்லுக்கு ஏற்ற ஆறடிப் பலகை தேடி அலைய வேண்டாம். நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் இறக்குமதி ஆஷ் மரத்தின் வெட்டுத் துண்டுகள் மூன்றடி நீளத்தில் மூலையில் கிடக்கும். தவுக்கேயிடம் (பட்டறை முதலாளியிடம்) கேட்டால் காப்பிக் காசுக்கே கொடுத்துவிடுவார். அப்படி இரண்டு துண்டு போதும். யூ மரத்தில் வில் செய்தவர்களும் நேரான நீள மரம் அமையாதபோது இரண்டு குட்டைத் துண்டுகளைப் பிடியில்தான் இணைத்தார்கள். வில்லின் இரு கைகளும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள், வளையும்; நடுப்பிடி வளையாது. அதனால் இணைப்பு அங்கே பத்திரமாக இருக்கும்.

கடையில் விற்கும் ரப்பர் மரப் பலகையை மட்டும் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சின்னத் துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்து ஒட்டியது. வளைகிற இடத்தில் அந்த ஒட்டு வந்தால் வில் ஒடிந்துவிடும்.

ஒரே பலகையிலிருந்து வந்த இரண்டு துண்டுகளாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் 35 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். மர ரேகை முனையிலிருந்து முனைவரை நேராக ஓட வேண்டும்.

நம் ஊர் ஈரக்காற்றில் மரம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈர மரத்தில் செய்த வில் வளைந்தபடியே நின்றுவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுத் துண்டுகளைப் போட்டு வையுங்கள். சமையலறைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் தயார்.

இனி இணைப்பு. என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்த இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். துண்டின் நுனியிலிருந்து 4 அங்குலம் தள்ளிக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அகலத்தை அரை அங்குலமாக மூன்று பாகம் பிரியுங்கள். இடது ஓரத்தில் அந்தக் கோட்டிலிருந்து ஒரு சாய்கோட்டைத் தொடங்கி முதல் பாகம் முடியும் இடத்தில் நுனிக்கு ஏறுங்கள். இரண்டாவது பாகத்தில் கோட்டுக்கு இறங்கி, மூன்றாவதில் வலது ஓர நுனிக்கு ஏறுங்கள். ஒரு முழுப் பல்லும் ஒரு அரைப் பல்லும் கிடைக்கும். இந்தக் கோடுகளை அட்டையில் எடுத்து அச்சாக வெட்டி, அதையேதான் மற்றத் துண்டுக்கும் வைக்க வேண்டும். எதிரெதிராக வைத்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும்.

நுனியோடு நுனி ஒட்டினால் பசை பிடிக்கும் பரப்பு ஒரு சதுர அங்குலத்துக்குச் சற்றே அதிகம். இந்தப் பல் இணைப்பில் அது ஒன்பது. பலம் அங்கேதான் இருக்கிறது.

அறுக்க ஜப்பான் இழுவை ரம்பத்தைத்தான் சொல்வேன். மெல்லிய தகடு, கோட்டை விட்டு விலகாது. கோட்டின் கழிவுப் பக்கமாக (வெட்டி எறியும் பக்கமாக) அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துப் பொருத்துங்கள். ஒரு துண்டின் பல்லில் பென்சில் கரியைப் பூசி மற்றதில் அழுத்தினால் எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டும். அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். கடைசியில் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் கசியக்கூடாது.

ஒட்டுவதற்கு, இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் எபோக்ஸிப் பசையில் மெதுவாக இறுகும் வகைதான் என் தேர்வு. சமமான பலகைமேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒட்டிய துண்டுகளை அதன்மேல் படுக்க வையுங்கள். பசை இறுகுமுன் முனைக்கு முனை ஒரு நூல் கட்டுங்கள். நூல் பிடியின் நடுவில் ஓட வேண்டும், ஓரமாகப் போனால் உடனே துண்டுகளை நகர்த்துங்கள். நீளவாக்கில் இறுக்கிவிட்டுப் பக்கவாட்டில் கிளாம்பை லேசாக மட்டும் முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் பசை வெளியே வழிந்து இணைப்பு வறண்டுவிடும்.

மறுநாள், அம்பு எய்பவரைப் பார்க்கும் பக்கத்தில் 10 அங்குல மரக்கட்டை ஒன்றை இணைப்பை மூடி ஒட்டி, அதன் இரு முனைகளையும் சரிவாகச் செதுக்குங்கள். பிடியைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டி எபோக்ஸி பூசுங்கள். அப்புறம் வில்லின் கைகளை வழக்கம்போல் இழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பார்க்கலாம். முதல் வில்லுக்கு 30 பவுண்டு இழுவை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம்) போதும்.

பின்சேர்க்கை: சாதாரண வெள்ளைப் பசை போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தொடர்ந்து பளு ஏறினால் அது மெல்ல இழுத்துக்கொடுக்கும், வெயிலில் இன்னும் மோசம். வேறு வேறு மரத்தை இணைக்கலாமா என்றும் கேட்டார்கள். இணைப்பு நிற்கும், ஆனால் ஒரு கை முரடாகவும் மற்றது தளர்வாகவும் வளையும். முதல் முறை செய்பவர்கள் ஒரே பலகையின் துண்டுகளையே எடுங்கள்.