பிடித்த பாட்டு வழியே கிதார் கார்ட்

பிடித்த பாட்டின் பல்லவி எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறது என்று முணுமுணுத்து, அதை ஆறாம் கம்பியில் (மிகத் தடித்த கம்பி) தேடுங்கள். 3-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் உலோகக் கோடுகளுக்கு இடையிலான கட்டம்) கிடைத்தால் ஸ்கேல், அதாவது பாட்டின் ஆதாரச் சுருதி, ஜி. மேஜர் பாட்டானால் (பொதுவாக உற்சாகமாக ஒலிப்பது) ஜி, சி, டி, ஈ மைனர் என்ற நான்கு கார்டுகளே (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) பெரும்பாலும் போதும். 5-ஆம் ஃப்ரெட் என்றால் ஏ. 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) மாட்டி அதே ஜி பிடிகளை வாசிக்கலாம்.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு, கார்டுக்கு நான்கு தட்டு. ஜி-யிலிருந்து சி-க்குத் தாவும்போதுதான் விரல் தடுமாறும். சி-யில் முதல் கம்பி செத்து ஒலித்தால், ஆள்காட்டி விரல் அதன்மேல் படுத்திருக்கிறது. கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் கீழே இறக்கினால் நிமிரும். எஃப் பார் கார்டை (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளை அழுத்தும் பிடி) இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவசரமில்லை.

தருமபுரியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையடியில் கிதாரை மாட்டி வைக்காதீர்கள். சுருதி கலையும், பசை இளகினால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜே பெயரும்.