கடல்மீன்களின் வாழிடத்தைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூன் மாதம் நெருங்கினால், அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள டர்பன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில், கரையோரமாகத் திரண்டு வரும் சார்டீன் (மத்தி வகை) மீன்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்தபின் டர்பன் விரிகுடாவிலுள்ள சாலிஸ்பரி தீவில் குடியேறிக் கரைவலை இழுத்துப் பிழைத்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதால், இந்தப் பேச்சில் அனுபவ அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் மீன் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று காரணம் கூறும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன.

முதல் தவறு, எல்லாவற்றையும் வெப்பநிலை என்ற ஒரே அளவுகோலால் அளந்துவிடுவது. கடல் 21 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் சார்டீன் வரும் என்பது பொதுவாகச் சரியான கணக்குதான். வடக்கிலிருந்து தென்மேற்காகப் பாயும் அகுல்லாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பானது; குளிர்காலத்தில் அதற்கும் கரைக்கும் இடையே குளிர்ந்த நீர் ஒரு குறுகிய பட்டையாக வடக்கு நோக்கி நீளும்போது, அந்தப் பட்டைக்குள்தான் மீன்கூட்டம் நகர்கிறது. ஆனால் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பரப்பு, எவ்வளவு அகலமானது, நீரோட்டம் அன்று கரையை எவ்வளவு ஒட்டி ஓடுகிறது, காற்று எத்திசையில் வீசுகிறது ஆகியவையும் சேர்ந்தே அந்தப் பட்டையின் அகலத்தை முடிவு செய்கின்றன. மேலும், செயற்கைக்கோள் படம் காட்டுவது மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே. மேல்நீர் சூடாக இருக்கும் நாள்களில் கூட்டம் ஆழத்தில் குளிர்ந்த நீரை ஒட்டியே கடந்துவிடக்கூடும். தொலைவில் கேனட் பறவைகள் செங்குத்தாகக் கடலில் பாய்வது தெரிந்தும் கரைவலையில் ஒன்றுமே ஏறாத காலைகள் உண்டு. அத்தகைய நாளில் மீன் வரவில்லை என்பதைவிட, கரைக்கு வரவில்லை என்பதே பொருத்தமான முடிவு.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. ஓரிடத்தில் மீன் பெருந்திரளாகக் காணப்பட்டால், அந்த இடம் அதற்கு உகந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். 2021ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று இந்த எண்ணத்தையே தலைகீழாக்கியது. தென்னாப்பிரிக்கச் சார்டீன்களில், அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீருக்குப் பழகிய கூட்டம் ஒன்றும், இந்தியப் பெருங்கடல் பக்கத்தின் ஓரளவு வெப்பமான நீருக்குப் பழகிய கூட்டம் ஒன்றும் உள்ளன. குளிர்காலத்தில் நேட்டால் கரைக்கு வருபவை பெரும்பாலும் குளிர்நீர்க் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று அந்த ஆய்வு கண்டறிந்தது. தென்கிழக்குக் கரையோரம் அடியிலிருந்து குளிர்நீர் சிறிது காலம் மேலெழும்பும்போது அவை ஈர்க்கப்படுகின்றன. அந்த மேலெழுச்சி ஓய்ந்ததும் வெப்பநீருக்கு நடுவே சிக்கி, சுறாக்களுக்கும் டால்பின்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. நமக்கு அது திருவிழா. மீனுக்கு அது பொறி.

கோடையில் கடல் சூடாகும், குளிர்காலத்தில் குளிரும் என்று பொதுவாகக் கொள்வதும் மேற்குக் கரையில் செல்லாது. அங்கே கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரை ஆழ்கடல் பக்கம் தள்ளிவிட, அடியிலிருந்து ஊட்டச்சத்து மிகுந்த குளிர்நீர் மேலே வருகிறது. ஆகவே கேப் டவுனின் அட்லாண்டிக் கரை, வெயில் கொளுத்தும் ஜனவரியில்தான் பல நாள்கள் மிகவும் குளிர்ந்திருக்கும். டர்பனிலிருந்து விடுமுறைக்குச் செல்பவர்கள் கடலில் கால் நனைத்ததுமே இதை அறிவார்கள்.

அதே ஊட்டச்சத்து, பலரும் கணக்கில் எடுக்க மறக்கும் மற்றொரு காரணிக்கும் இட்டுச் செல்கிறது. அந்த நீரில் பாசிகள் பெருகி, பின் மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 1997இல் மேற்குக் கரையிலுள்ள எலண்ட்ஸ் பே என்ற இடத்தில் மூச்சுக்காக ஆழமற்ற நீருக்கு ஊர்ந்து வந்த சிங்கி இறால்கள், கடல் வற்றும் நேரத்தில் கரையில் சிக்கி, ஏறக்குறைய 2,000 டன் அளவுக்கு ஒதுங்கின. சிங்கி இறால் மீனல்ல. ஆனால் ஆக்சிஜன் குறைந்த நீர் மீனையும் அவ்வாறே விரட்டும்.

வளர்ந்த மீன் பிடிபடும் இடத்தை மட்டும் வைத்து வரைபடம் தீட்டுவதும் போதாது. டர்பனில் சால்மன் என்று அழைக்கப்படும் காப் மீனின் குஞ்சுகள் கலங்கிய கழிமுகங்களில் வளர்கின்றன. டர்பனுக்கு வடக்கே உள்ள செயின்ட் லூசியா கழிமுகத்தின் வாய் 2002 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தபோது, அத்தகைய குஞ்சுகளுக்குக் கடலிலிருந்து உள்ளே செல்லும் வழியே அடைபட்டது. கடலில் மட்டும் காரணம் தேடுபவருக்கு இது புலப்படாது.

ஷாட் மீனின் கதை சார்டீனுக்கு நேர்மாறானது. அதுவும் கேப் பகுதியிலிருந்து குளிர்காலத்தில் வடக்கே வருகிறது. ஆனால் வசந்தத்தில் நேட்டால் கடலில் முட்டையிட்டு, அந்த முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் அகுல்லாஸ் நீரோட்டமே தெற்கிலுள்ள வளரிடங்களுக்குச் சுமந்து செல்லும்படி அமைந்த பயணம் அது. நேட்டாலில் அதிகம் பிடிபடுகிறது என்பதால் ஷாட்டை நேட்டாலின் மீன் என்று கருதினால், அதன் வாழ்க்கையில் பாதி கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஷாட் பிடிக்கத் தடை இருப்பது, அது முட்டையிடும் காலத்தைக் கருதியே.