தடம் இல்லாத ஆற்றுப் பள்ளத்தாக்கு: டிராம்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தென்தீவில் ஆற்றை ஒட்டி மேலேறும் டிராம்பிங் (முதுகுப்பையுடன் பல நாள் காட்டு நடை) பயணங்கள் பல, வரைபடத்தில் உள்ள கோட்டை நம்பி நாள்கணக்குப் போடுவதில்தான் தடுமாறத் தொடங்குகின்றன. டோப்போ50 என்ற நியூசிலாந்து நிலவரைபடத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடு இருந்தால் தரையிலும் தடம் இருக்கும் என்பதில்லை. மண்சரிவோ விழுந்த மரங்களோ அதை எப்போதோ மூடியிருக்கலாம். தடத்தைக் காட்டும் ஆரஞ்சு முக்கோணக் குறிகள் முடிந்துபோன இடத்திலிருந்து மணிக்கு 1 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெரும்பாறையும் அடர்காடும் மாறி மாறி வந்தால் அதுவும் தேறாது.

அந்த வரைபடத்தில் உயரக்கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடைவெளி 20 மீட்டர். 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடே இல்லாமல் மறைந்துவிடும். இரு கரையிலும் கோடுகள் நெருங்கினால் அங்கே ஆறு குறுகிய இடுக்கில் ஓடுகிறது. பலர் தண்ணீரோரமாகவே உள்ளே போய், வழி அடைபட்ட பிறகு பாறையில் தொற்றி ஏறப் பார்க்கிறார்கள். இடுக்கு தொடங்குமுன்பே காட்டுக்குள் ஏறி, மேலே இருக்கும் சமதளத்தைப் பிடித்துக் கடந்துவிடுங்கள். வழிக்குறிப்புகளில் இடக்கரை, வலக்கரை என்பவை ஆறு ஓடும் திசையைப் பார்த்துச் சொல்லப்படுபவை. மேல்நோக்கி நடப்பவருக்கு இடக்கரை வலப்பக்கம் இருக்கும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, கடக்கக்கூடாத நேரத்தில் ஆற்றில் இறங்குவது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலைமுகட்டில் கொட்டும் மழை ஆற்றை ஏற்றிவிடும். ஹோக்கிட்டிக்கா ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள குரோப் ஆற்றுப்படுகையில் ஆண்டுக்கு 10 மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது என்றால் நிலைமை புரியும். தண்ணீர் கலங்கியிருந்தாலோ, கிளைகள் மிதந்து வந்தாலோ, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ இறங்காதீர்கள். ஒரு குச்சியை எறிந்து கரையோரமாகக் கூடவே நடந்து பாருங்கள். அது உங்களை முந்தினால் இழுப்பு அதிகம். கால் தவறினால் எங்கே ஒதுங்குவோம் என்பதையும் முதலிலேயே பாருங்கள். ஆறு ஓடும் திசையில் சற்றுத் தள்ளி, விழுந்த மரமோ அருவியோ இருந்தால் அந்தத் துறை வேண்டாம். முதுகுப்பையின் நெஞ்சுப்பட்டியைக் கழற்றிவிட்டு, பலசாலி நீரோட்டத்துக்கு மேல்பக்கம் நிற்க, ஒருவரையொருவர் பின்னிப் பிடித்தபடி சற்றே கீழ்நோக்கிச் சாய்வாகக் கடக்க வேண்டும்.

பனியாற்று நீர் சேரும் ஆறுகள் கோடை மாலையில் ஏறும், விடியலில் இறங்கும். மழை நின்றால் பல மலையாறுகள் ஏறிய வேகத்திலேயே வடிந்தும்விடும். ஆகவே காத்திருப்பதுதான் தீர்வு. அதற்குக் கையில் சாப்பாடு வேண்டும்: திட்டமிட்டதற்கு மேல் 2 நாள் உணவு எடுத்துச் செல்லுங்கள். உணவு தீர்ந்ததும் பொறுமையும் தீர்ந்து ஆற்றில் இறங்குகிறவர்கள் உண்டு. இரவு தங்கும் குடிலுக்கு முன்னால் குறுக்கிடும் சிற்றோடைகளையும் கணக்கில் எடுங்கள். பெரிய ஆற்றில் பாலம் இருந்தும், பெயரில்லாத ஓடை ஒன்றே ஆளை மறித்துவிடும். கூழாங்கல் திட்டில் கூடாரம் போடவே கூடாது.

அவசர பீக்கனை (ஆபத்தில் மீட்புக்குழுவுக்குச் சைகை அனுப்பும் கருவி) முதுகுப்பைக்குள் வைக்காதீர்கள்; பை ஆற்றோடு போனால் அதுவும் போய்விடும். உடம்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு இலவசம். இயக்க வேண்டி வந்தால் இடுக்கை விட்டு வெளியேறி, வானம் திறந்த இடத்தில் ஆன்டெனாவை நிமிர்த்தி வையுங்கள். மீட்புக்குழு வந்து சேரும்வரை அணைக்காதீர்கள்.